நிறுத்தாது ஓடுதல்: சிறு தவறு பெருங்குற்றமாகும் விதம்

சாரதிகளும் பெற்றோரும் அறிந்திருக்கவேண்டிய நியூ சவுத் வேல்ஸ் சட்டம்

நகரசபையின் மொழிச்சேவை மேசைக்கு வரும் கடிதங்களுட் பெரும்பாலானவை குப்பைத்தொட்டி, வீட்டுவரி, கட்டட அனுமதி பற்றியவை. சில காலத்துக்கு முன்னர் ஒரு தாய் கொண்டுவந்த கடிதம் அவ்வகையானதன்று. அவருடைய மகன் சிவப்புப் ‘பி’ அட்டையுடன் வாகனம் செலுத்துபவர். நள்ளிரவுக்குச் சற்று முன்னர் நண்பர் மூவரை ஏற்றிவந்தபோது, பின்னால் வந்த காவல்துறை வாகனம் நிறுத்துமாறு சமிக்ஞை செய்தது. இரவு 11 மணிக்குப் பின்னர் தம்மையொத்த வயதினர் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மகனுக்குத் தெரியும். அனுமதிப்பத்திரம் போய்விடுமோ என்ற அச்சத்தில் வேகத்தைக் கூட்டினார். சிவப்பு விளக்குகள் இரண்டைத் தாண்டினார். இறுதியில் அகப்பட்டார்.

“இது தண்டப்பணக் கடிதந்தானே, அண்ணா? கட்டிவிட்டால் முடிந்துவிடுந்தானே?” என்று அத்தாய் கேட்டார்.

அது தண்டப்பணக் கடிதம் அன்று. குற்றவியல் வழக்கொன்றில் நீதிமன்றில் தோன்றுமாறு கட்டளையிடும் அறிவித்தல். மொழிபெயர்ப்பாளர் சட்ட ஆலோசனை கூறலாகாது என்பதால், அதிலுள்ளதை உள்ளவாறே வாசித்துக்காட்டி, அவரை இலவசச் சட்ட உதவிக்கு அனுப்பிவைத்தேன். அவர் கேட்ட கேள்வி நம்மவர் பலருடைய மனத்திலும் இருப்பதாகத் தோன்றியமையால், இவ்விதழின் சட்டப் பாடம் அதற்கு விடையாக அமைகின்றது.

1. சட்டம் பிறந்த கதை

2010ஆம் ஆண்டுக்கு முன்னர், காவல்துறையினர் துரத்தும்போது தப்பியோடுவதற்கென இம்மாநிலத்தின் குற்றவியற் சட்டத்தில் தனியான குற்றம் எதுவும் இருக்கவில்லை. ஓடிய சாரதிமீது, பொதுவான ‘ஆபத்தான முறையில் வாகனம் செலுத்துதல்’ என்ற போக்குவரத்துக் குற்றமே பெரும்பாலும் சுமத்தப்பட்டது. முதற்றடவையாயின் அதற்குரிய உயர்ந்தபட்சச் சிறைத்தண்டனை 9 மாதங்கள் மட்டுமே.

2009 டிசம்பர் 31 அன்று, சிட்னியின் தென்மேற்கே இங்கிள்பேர்ண் பகுதியில், எம்5 நெடுஞ்சாலையில், காவல்துறையினரிடமிருந்து தப்பியோடிய வாகனம் ஒன்று ஒரு குடும்பத்தின் காரின்மீது மோதியது. அக்காரில் இருந்த 19 மாதப் பெண்குழந்தை உயிரிழந்தது. அக்குடும்பத்துக்கும் துரத்தலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; அவர்கள் தம் வழியிற் சென்றுகொண்டிருந்தவர்கள். அடுத்த சில மாதங்களுக்குள் மாநில நாடாளுமன்றம் 1900ஆம் ஆண்டின் குற்றங்கள் சட்டத்தில் 51பி என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. அக்குழந்தையின் பெயரால் அது ‘ஸ்கையின் சட்டம்’ என மக்களால் அழைக்கப்படுகின்றது.

தப்பியோடும் சாரதி தனக்கும் காவல்துறைக்கும் இடையிலான விவகாரமாகவே ஓட்டத்தைக் கருதுகின்றார். ஆயினும், வீதி அவ்விருவருக்கு மட்டும் உரியதன்று. துரத்தலில் எப்பங்கும் இல்லாத மூன்றாமவரைக் காப்பதே இச்சட்டத்தின் நோக்கம்.

2. குற்றத்தின் மூன்று கூறுகள்

51பி பிரிவின்கீழ் ஒருவரைக் குற்றவாளியாகக் காண்பதற்கு, அரசதரப்பு மூன்று விடயங்களை நிரூபித்தல் வேண்டும்.

முதலாவது, அறிவு. காவல்துறையினர் தம்மைத் தொடர்கின்றனர் என்பதையும், தாம் வாகனத்தை நிறுத்தவேண்டும் என்பதையும் சாரதி அறிந்திருக்கவேண்டும். அல்லது நியாயமாக அறிந்திருக்கவேண்டிய நிலையில் இருந்திருக்கவேண்டும். அல்லது அவ்வாறு ஐயுறுவதற்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கவேண்டும். ஆகவே, “நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை” என்று சொல்லிவிடுவது மட்டும் போதாது. சிவப்பு, நீல விளக்குகள் மின்ன, ஒலிச்சங்கு முழங்க, நெடுந்தூரம் தொடர்ந்து வந்த வாகனத்தைக் கவனிக்கவேயில்லை என்ற கூற்றை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

இரண்டாவது, நிறுத்தாமை.

மூன்றாவது, நிறுத்தாமல் விட்டபின்னர் பொறுப்பற்ற விதமாகவோ, பிறருக்கு ஆபத்து விளைக்கும் வேகத்திலோ முறையிலோ வாகனத்தைச் செலுத்தியமை.

மூன்றாம் கூறு முக்கியமானது. பாதுகாப்பான இடம் தேடி, மெதுவாகச் சிறிது தூரம் சென்று நிறுத்துபவர் இப்பிரிவில் அகப்படமாட்டார். அதேவேளை, எவர்மீதும் மோதாத காரணத்தால் மட்டும் ஒருவர் இப்பிரிவிலிருந்து தப்பவும் இயலாது. யாருக்கேனும் காயம் ஏற்பட்டிருக்கவேண்டும் என்று சட்டம் கோரவில்லை. ஆபத்தை உண்டாக்கியமையே போதும்.

3. தண்டனைகள்

முதற்றடவைக் குற்றத்துக்கு உயர்ந்தபட்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறை. இரண்டாம் தடவைக்கும் அதன் பின்னரானவற்றுக்கும் 5 ஆண்டுகள். உள்ளூர் நீதிமன்றில் விசாரிக்கப்படின், ஒரு குற்றத்துக்கு அந்நீதிமன்றம் விதிக்கக்கூடிய சிறைத்தண்டனையின் எல்லை 2 ஆண்டுகள். உயர்ந்தபட்சம் என்பது எல்லோருக்கும் கிடைப்பதன்று. குற்றத்தின் பாரதூரம், சாரதியின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தை ஒப்புக்கொண்டமை ஆகியவற்றை நீதிவான் சீர்தூக்கிப் பார்ப்பார். ஆனால், இவ்வகைக் குற்றங்களில் ஏனையோருக்கும் அச்சம் உண்டாகவேண்டும் என்ற நோக்கையும் நீதிமன்றங்கள் கருத்திற் கொள்கின்றன.

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொறுத்தவரை, இது ‘பெருங்குற்றம்’ என்ற வகையைச் சேர்ந்தது. தீர்ப்புடன் 3 ஆண்டுத் தகுதிநீக்கம் தானாகவே நடைமுறைக்கு வரும். நீதிமன்றம் விரும்பின் அதனைக் குறைக்கலாம். ஆயினும் 12 மாதங்களுக்குக் கீழே செல்ல இயலாது. ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றொரு பெருங்குற்றம் புரிந்தவராயின், தகுதிநீக்கம் 5 ஆண்டுகள். குறைந்தபட்சம் 2 ஆண்டுகள். இதற்கும் மேலாக, வாகனத்தின் இலக்கத்தகடுகளைக் கழற்றவோ வாகனத்தைத் தடுத்துவைக்கவோ காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. மீண்டும் மீண்டும் இக்குற்றத்தைப் புரிபவரின் வாகனம் அரசுடைமையாகவும் கூடும்.

ஓட்டம் உயிரிழப்பில் முடிந்தால் நிலைமை முற்றிலும் வேறாகும். ஆபத்தான செலுத்துகையால் மரணம் விளைவித்தலுக்கு உயர்ந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். காவல்துறையின் துரத்தலிலிருந்து தப்பும் பொருட்டு வாகனம் செலுத்தியமை, அக்குற்றத்தைக் கடுமையாக்கும் சூழ்நிலைகளுள் ஒன்றாகச் சட்டத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. அப்போது தண்டனை 14 ஆண்டுகளாக உயர்கின்றது. பாரதூரமான உடற்காயமாயின் 7 ஆண்டுகள் 11 ஆகின்றன. விபத்தின்பின் நிற்காமலும் உதவாமலும் சென்றால், அது வேறொரு தனிக்குற்றம்: மரணம் நிகழ்ந்திருப்பின் 10 ஆண்டுகள் வரை, பாரதூரமான காயமாயின் 7 ஆண்டுகள் வரை.

4. எதிலிருந்து ஓடுகின்றனர்?

துரத்தப்படும் ஒவ்வொருவரும் கொள்ளைக்காரர் அல்லர். பதிவு காலாவதியான வாகனம், இடைநிறுத்தப்பட்ட அனுமதிப்பத்திரம், சிறிதளவு மது, ‘பி’ அட்டை விதிமீறல் போன்ற காரணங்களுக்காகவும் பலர் ஓடுகின்றனர். அக்கணத்தில் அவர்களுடைய மனத்தில் நிற்பது ஒரே எண்ணம்: இதிலிருந்து எப்படியாவது தப்பவேண்டும். ஆகவே, இரு தட்டுகளிலும் உள்ளவற்றை அமைதியாக இருக்கும் இன்றே நிறுத்துப் பார்ப்பது நன்று.

சிவப்புப் ‘பி’ அட்டையுடைய, 25 வயதுக்குட்பட்ட சாரதி ஒருவர், இரவு 11 மணிமுதல் அதிகாலை 5 மணிவரை, 21 வயதுக்குட்பட்ட பயணிகளில் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். இதனை மீறினால் தண்டப்பணமும் தகுதிக்குறைப்புப் புள்ளிகளும் வரும். மேற்குறித்த மகன் ஓடியது இதிலிருந்தே. அவர் சென்றடைந்ததோ 3 ஆண்டுச் சிறைக்கு இடமளிக்கும் குற்றச்சாட்டு.

முழு அனுமதிப்பத்திரம் உடைய ஒருவர், முதற்றடவையாக, குருதியில் மது 0.05க்கு மேல் 0.08க்குக் குறைவாக இருந்த நிலையில் பிடிபட்டால், உடனடியாக 3 மாத இடைநிறுத்தமும் தண்டப்பணமும் விதிக்கப்படும். வெட்கக்கேடும் இடைஞ்சலுமே, ஆயினும் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் ஒன்று. அவரே ஓடினால், தகுதிநீக்கத்தின் மிகக் குறைந்த அளவே 12 மாதங்கள். அதனுடன் வாழ்நாள் முழுதும் தொடரும் குற்றப்பதிவும் சேரக்கூடும்.

இடையிலே துரத்தலைக் காவல்துறையினர் கைவிட்டால் தப்பிவிட்டோம் என்று எண்ணுவதும் தவறு. பொதுமக்களுக்கு ஆபத்து மிகும்போது துரத்தலை நிறுத்துவது அவர்களுடைய நடைமுறைகளுள் ஒன்று. அதற்கிடையில் இலக்கத்தகடு பதிவாகியிருக்கும். நெடுஞ்சாலைக் காவல்பிரிவின் வாகனங்களில் இலக்கத்தகட்டைத் தானாக வாசிக்கும் கருவிகள் உள்ளன. வானில் உலங்குவானூர்தியும் உண்டு. மறுநாட் காலையில் வீட்டுக்கதவு தட்டப்படும்.

தண்டனையைக் கடுமையாக்கினால் மட்டும் ஓட்டம் நின்றுவிடுமா என்பது சட்டவியலாளரிடையே நெடுநாளைய வினா. தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அகப்படுவது எவ்வளவு உறுதி என்பதே மனிதரை அதிகம் தடுக்கின்றது என்பது குற்றவியல் ஆய்வாளர் பலருடைய கருத்து. அச்சத்தால் ஓடும் இளைஞர் அக்கணத்திற் சட்டநூலைப் புரட்டிப் பார்ப்பதில்லை. எனவேதான், இவ்வறிவு வீட்டில், உணவு மேசையில், முன்னரே பேசப்பட்டிருக்கவேண்டும் என வலியுறுத்துகின்றேன்.

5. பெற்றோருக்கும் வாகன உரிமையாளருக்கும்

நம் குடும்பங்களிற் பிள்ளை செலுத்தும் வாகனம் பெரும்பாலும் தந்தையின் அல்லது தாயின் பெயரிலேயே பதிவாகியிருக்கும். ஆகவே, காவல்துறையினர் முதலில் வருவது பெற்றோரிடமே. பாரதூரமான குற்றம் ஒன்றில் வாகனம் பயன்பட்டதாக நியாயமான ஐயம் இருப்பின், அதனைச் செலுத்தியவர் யார், உள்ளே இருந்தவர் யார் என்று உரிமையாளரிடமும் பயணிகளிடமும் கேட்க 2002ஆம் ஆண்டின் சட்ட அமலாக்க அதிகாரங்கள், பொறுப்புகள் சட்டம் அனுமதிக்கின்றது. தகுந்த காரணமின்றித் தகவல் தர மறுப்பதும், பொய்த் தகவல் தருவதும் குற்றங்களாகும்.

“நான்தான் ஓட்டினேன்” என்று தந்தை கூறுவது பாசத்தின் வெளிப்பாடாக அவருக்குத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அது நீதியின் போக்கைத் திரிக்கும் செயலாகலாம். அதற்குரிய உயர்ந்தபட்சத் தண்டனை 14 ஆண்டுகள். ஓடியதற்குரிய தண்டனையைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது என்பதைக் கவனிக்க.

இதற்கு இம்மாநிலத்தின் நினைவில் நிற்கும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. கூட்டரசு நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் மார்க்கஸ் ஐன்ஃபெல்ட், 2006ஆம் ஆண்டில் 77 டொலர் வேகத் தண்டப்பணம் ஒன்றைத் தவிர்ப்பதற்காக, தமது காரை வேறொருவர் செலுத்தியதாகக் கூறினார். அவர் குறிப்பிட்ட பெண்மணி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இறந்துவிட்டிருந்தார். பொய்ச்சாட்சியம், நீதியின் போக்கைத் திரித்தல் ஆகியவற்றுக்காக 2009இல் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஓடியது வாகனத்திலன்று, வார்த்தையிலே. ஆயினும் பாடம் ஒன்றே: சிறிய தண்டத்திலிருந்து தப்ப எடுத்த வழியே பெரிய தண்டனையாக முடிந்தது. சட்டம் கற்றுத் தேர்ந்த நீதியரசருக்கே விலக்கில்லையெனின், ஏனையோர் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

6. குடியுரிமை பெறாதோர் கவனத்திற்கு

இப்பகுதியை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்குமாறு வேண்டுகின்றேன். ஆஸ்திரேலியக் குடிமகன் ஒருவருக்கு நீதிமன்றத் தண்டனையோடு விடயம் முடிவடையலாம். விசாவில் வாழ்பவருக்கு, அது நிரந்தர வதிவிட விசாவாகவே இருப்பினும், அங்கிருந்துதான் இரண்டாம் வழக்கு ஆரம்பமாகலாம்.

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவின்படி, 12 மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் நன்னடத்தைச் சோதனையில் தேறாதவராகக் கருதப்படுவார். அத்தகையவர் முழுநேரச் சிறையில் இருக்கும் காலத்தில், அவருடைய விசா கட்டாயமாக இரத்துச் செய்யப்படும். பின்னர் அந்த இரத்தை நீக்குமாறு அவரே காரணங்காட்டி விண்ணப்பிக்கவேண்டும். 51பி பிரிவின் உயர்ந்தபட்சத் தண்டனை 3 ஆண்டுகள் என்பதை இதனோடு பொருத்திப் பார்க்க.

‘பிரிட்ஜிங் ஈ’ எனப்படும் தற்காலிக விசாவில் இருப்போரின் நிலை இதனினும் நொய்மையானது. குற்றவாளியாகக் காணப்படும் முன்னரே, குற்றம் சுமத்தப்பட்ட நிலையிலேயே அவ்விசாவை இரத்துச் செய்ய அதிகாரம் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரும் நன்னடத்தை உடையவரெனக் காட்டவேண்டும். வாகனம் செலுத்தித் தொழில் புரிவோர் அனுமதிப்பத்திரத்தோடு வருமானத்தையும் இழப்பர் என்பதைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

7. சீருடையைக் கண்டு அஞ்சுவோர்

நம்மவருள் ஒரு பகுதியினர், சோதனைச்சாவடிகளின் நடுவே வாழ்ந்து, சீருடை அணிந்தவரைக் கண்டாலே நெஞ்சு பதறும் அனுபவத்தோடு இந்நாட்டுக்கு வந்தவர்கள். பின்னால் ஒளிரும் விளக்கு அவர்களுக்கு வெறும் போக்குவரத்துச் சமிக்ஞையாகத் தோன்றாது. அவ்வச்சத்தை எவரும் இழிவாகக் கருதலாகாது. ஆயினும், இங்கு அச்சத்தைக் குறைக்கும் சட்டப் பாதுகாப்புகள் உள்ளன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

உங்களை நிறுத்தும் அலுவலர் தமது பெயரையும், பணிபுரியும் நிலையத்தையும், நிறுத்தியதன் காரணத்தையும் கூறவேண்டும். சீருடையில் இல்லாதவராயின், தாம் காவல்துறையினர் என்பதற்குச் சான்று காட்டவேண்டும். அவருடைய நடத்தை முறையற்றதாக இருந்தால், பின்னர் காவல்துறையிடமோ சட்ட அமலாக்க நடத்தை ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். முறையீட்டுக்குரிய இடம் வீதியன்று. நின்றவருக்கு முறையிடும் வாய்ப்பு முழுமையாக இருக்கும். ஓடியவர் தமது நியாயத்தையும் பின்னால் விட்டுச் செல்கின்றார்.

8. சமிக்ஞை கண்டதும் செய்யவேண்டியவை

• பதற்றமின்றி இடப்புறச் சமிக்ஞையை இட்டு, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான முதலாவது இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள்.

• சாதாரண வாகனம்போல் தோன்றும் காவல்துறை வாகனமாக இருந்து ஐயம் எழுந்தால், அபாய விளக்குகளை இட்டு, மெதுவாகச் சென்று, அருகிலுள்ள வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டவேண்டாம், விளக்குகளை அணைக்கவேண்டாம், பக்கத் தெருவில் திரும்பவேண்டாம்.

• இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கைகளைச் சுக்கானில் வைத்து, ஆசனத்திலேயே அமர்ந்திருங்கள். இறங்கி அலுவலரை நோக்கி நடக்கவேண்டாம்.

• அனுமதிப்பத்திரம் கைபேசியில் இருந்தால், அலுவலர் கேட்கும்வரை கைபேசியைத் தொடவேண்டாம்.

• பெயர், முகவரி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை வழங்குங்கள். சுவாசச் சோதனைக்கு உடன்படுங்கள். அதனை மறுப்பது தனிக்குற்றம்.

• குற்றம் ஒன்றைப் பற்றி விசாரிக்கப்பட்டால், பதிலளிக்கும் முன்னர் சட்டத்தரணியுடன் பேச விரும்புவதாகவும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனவும் பணிவுடன் கேட்கலாம்.

• நீங்கள் பயணியாயின், “நிறுத்து” என்று சொல்லுங்கள். ஓடுமாறு தூண்டுபவர் உடந்தைக் குற்றத்துக்கு உள்ளாகலாம்.

• வேறொரு வாகனம் துரத்தப்பட்டு வருவதைக் கண்டால், இடப்புறம் ஒதுங்கி வழிவிடுங்கள். பின்தொடர்ந்து சென்று படம் பிடிக்கவேண்டாம்.

9. ஏற்கனவே நிகழ்ந்துவிட்டால்

நீதிமன்ற அறிவித்தலைப் புறக்கணித்தல் இரண்டாம் ஓட்டமாகும். குறித்த நாளில் வராதவர் இல்லாமலே வழக்கு முடிவு செய்யப்படலாம், அல்லது பிடியாணை பிறப்பிக்கப்படலாம். உடனடியாகச் சட்ட ஆலோசனை பெறுங்கள். விசாவில் இருப்பவராயின், குற்றத்தை ஒப்புக்கொள்வதா என்று தீர்மானிக்கும் முன்னரே குடிவரவுச் சட்டம் அறிந்தவரையும் அணுகுங்கள். உறவினரும் நண்பரும் நல்லெண்ணத்தோடு கூறும் ஆலோசனை சட்ட ஆலோசனைக்கு ஈடாகாது.

உதவி பெறுவதற்கு

உயிராபத்து அல்லது அவசரநிலை: 000
அவசரமற்ற காவல்துறைத் தொடர்பு: 131 444
நியூ சவுத் வேல்ஸ் சட்ட உதவி: 1300 888 529
தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை: 131 450 (இவ்விலக்கத்தை அழைத்து ‘தமிழ்’ எனக் கூறி, தொடர்புகொள்ள விரும்பும் அலுவலகத்தின் இலக்கத்தைத் தெரிவியுங்கள்.)

இன்றிரவு பேசுவதற்கு ஒரு வினா

உங்கள் வீட்டில் வாகனம் செலுத்தும் இளையவர் இருப்பின், அவரிடம் இன்றே கேளுங்கள்: “பின்னால் காவல்துறை விளக்கு எரிந்தால் என்ன செய்வாய்?” அவர் எவ்விடை கூறினாலும், பின்வருமாறு சொல்லுங்கள்: “நீ நிறுத்து. தண்டப்பணம் வந்தால் வரட்டும், அனுமதிப்பத்திரம் போனால் போகட்டும். நள்ளிரவாக இருந்தாலும் எங்களுக்கு அழைப்பெடு. நாங்கள் ஏசமாட்டோம்.”

பிள்ளைகள் சட்டத்துக்கு மட்டும் அஞ்சி ஓடுவதில்லை. வீட்டுக்கு அஞ்சியும் ஓடுகின்றனர். அவ்விரண்டாம் அச்சத்தை நீக்குவது எந்த நாடாளுமன்றத்தாலும் இயலாது, பெற்றோரால் இயலும்.

(இக்கட்டுரை பொதுத்தகவல் மட்டுமே, சட்ட ஆலோசனையாகாது. சட்டங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், தங்கள் சொந்த நிலைமை குறித்துச் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெறுக.)